சலவைக்கடைக்குப் போன வாசல்

நடுவம்மாவின் அறையில் பேசிய பேச்சு எதுவும் நிலைப்படியைத் தாண்டியதில்லை. சமரசம் பேசி வைக்கும் தொழிலில் இருக்கிற எல்லோரும், வருகிறவர்களை உட்கார வைத்ததும், "இங்க பேசறது இங்கயே இருக்கும்" என்று ஒரு வாக்குக் கொடுப்பார்கள். மற்ற இடங்களில் அந்த வாக்கை மனிதர்கள் காப்பாற்றினார்கள். இவள் அறையில் அதை வாசல் காப்பாற்றியது. உள்ளே யார் யாரை எப்படித் திட்டினாலும், யார் எதை ஒப்புக்கொண்டு அழுதாலும், வெளியே கால் வைத்த உடனே சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அது துடைத்துவிட்டதுபோல் மறந்துவிடும். மறுபடி உள்ளே வந்தால் விட்ட இடத்திலிருந்து எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடும். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் மட்டும் வெளியே போகும். படிக்கட்டில் நின்று அதைப் படித்துவிட்டு, "நாமளா இதுக்கு ஒத்துக்கிட்டோம்?" என்று தலையைச் சொறிவார்கள். கையெழுத்து தங்களுடையதாக இருக்கும். வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போய் அதன்படி நடப்பார்கள், நடந்தபின் நிம்மதியாக இருக்கிறதே என்று ஆச்சரியப்படுவார்கள்.

அறை, நீதிமன்றத்துக்கு எதிர் வரிசையில், ஒரு கண்ணாடிக்கடையின் மாடியில் இருந்தது. ஒரு மேசை, தண்ணீர் ஜாடி, ஓடும்போது லேசாக இருமுகிற மின்விசிறி. இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைப்பது அவள் வழக்கமல்ல. மேசையின் ஒரே பக்கத்தில் தோளோடு தோள் உட்காரவைத்து, தான் எதிரில் உட்காருவாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் பேசினால் பாதி விஷம் இறங்கிவிடும் என்பது அவள் கணக்கு. கதவைத் தாங்கி நின்ற நிலை கருத்துப்போன பழைய மரம். மாடியின் சொந்தக்காரர் எங்கோ இடித்த கட்டடத்திலிருந்து வாங்கி வந்து மாட்டினார், எந்தக் கட்டடம் என்பது அவருக்கே ஞாபகமில்லை. ஒரு வக்கீல் இதையெல்லாம் சோதித்துப் பார்த்துவிடுவது என்று ஒலிப்பதிவுக் கருவியை ஒளித்து எடுத்துப்போனார். வெளியே வந்து போட்டுப் பார்த்தால் மின்விசிறி இருமுவது மட்டும் கேட்டது. அதன்பிறகு அவரே தன் மச்சானோடு இருந்த பாகப் பிரச்சினையை அங்கே கொண்டுவந்தார்.

நடுவம்மா ஒரு காலத்தில் எதிரில் இருந்த நீதிமன்றத்தில் வழக்காடியவள்தான். வாய்தா மேல் வாய்தா வாங்கி, கறுத்த முடியோடு வந்த கட்சிக்காரர்கள் நரைத்த முடியோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்து, கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு சாலையைக் கடந்து வந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் உட்காருகிறவள் என்பதால் ஊர் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது. கடைத்தெருவில் அவளைக் கண்டு யாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. தங்கள் குடும்ப அசிங்கமெல்லாம் தெரிந்தவள் என்று கூசுவதற்கு அவசியமே இல்லை, நிலைப்படிக்கு இந்தப் பக்கம் அவளுக்கும் எதுவும் தெரியாது. பேருந்து ஓட்டுநரான கணவர் தினமும் சாயங்காலம், "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்பார். "தெரியலையே" என்பாள். அவர் ஒரு நாள் முழுவதும் பார்த்த சாலையையும் சண்டையையும் சொல்லுவார், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். தன் வேலையில் தான் கெட்டிக்காரியா, வெறும் ஒப்பேற்றலா என்பதுகூட வீட்டில் இருக்கும்போது அவளுக்குத் தெரியாது. அது அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அந்த அறைக்குச் சலவைக்கடை அக்காவும் தம்பியும் வந்து சேர்ந்தபோது அவர்கள் வழக்குக்கு நல்ல வயதாகிவிட்டிருந்தது. கடை அவர்களுடைய தாய் நடத்தியது. அவள் போனபின் அக்கா பாகம் கேட்டு வழக்குப் போட்டாள். தீர்ப்பு வரும்வரை தற்காலிகமாக என்று நீதிமன்றம் ஒரு ஏற்பாடு செய்தது: தண்ணீர் தம்பிக்கு, சூடு அக்காவுக்கு. சட்டப்படி அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நடுவில் ஒரு சுவர் எழும்பியது. தம்பி பக்கம் குழாயும் தொட்டியும் இருந்தன, துவைக்கலாம், ஆனால் இஸ்திரி போட முடியாது. அக்கா பக்கம் கரியும் பெட்டியும் மேசையும் இருந்தன, ஒரு கைக்குட்டையைக்கூட நனைக்க முடியாது. வாடிக்கையாளர்கள் தம்பி வாசலில் அழுக்குத் துணியைக் கொடுத்து, துவைத்துக் காய்ந்ததை வாங்கி, தெருவில் நடந்து போய் அக்கா வாசலில் கொடுத்தார்கள். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது. இந்தத் தற்காலிகம் நீதிபதிகள் மாறி மாறி வந்துபோன பிறகும் தற்காலிகமாகவே இருந்தது. கடைசியில் ஒரு நீதிபதி வழக்குக் கட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, எதிர் மாடிக்குப் போய்ப் பேசிப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

இரண்டு பேரும் எலியும் பூனையுமாக வந்தார்கள். அக்கா முன்னால் ஏறினாள், அவள் ஏறி முடிக்கும்வரை தம்பி கீழே கண்ணாடிக்கடையின் காட்சிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதல் சில அமர்வுகளில் குழாய், கரி, சுவர் என்று பேசினார்கள். நடுவம்மா குறுக்கே பேசாமல் விட்டுப்பிடித்தாள். ஒரு மத்தியானம் அக்கா, குழாயைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்தி, "அம்மாவுக்கு முடியலைன்னு ஏன்டா எனக்குச் சொல்லல?" என்றாள். வழக்குக் காகிதங்களில் அந்தக் கேள்வி எந்தப் பக்கத்திலும் கிடையாது.

நடந்தது இதுதான். அக்கா வேலைக்காக வேறு ஊரில் இருந்தாள். தாய் படுக்கையில் விழுந்தபோது தம்பி அவளுக்குத் தகவல் அனுப்பவில்லை. யாரோ சொல்லி அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, கட்டிலைக்கூடக் கழற்றிச் சாத்தியாகிவிட்டது. வாசலில் நின்று இதே கேள்வியைத்தான் அன்றும் கேட்டாள். அவன், "சொல்லி மட்டும் என்ன ஆகப்போவுது?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இத்தனை வருஷம் வழக்கு நடந்தது. குழாயும் கரியும் சாக்கு.

அறையில் தம்பி மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். தோள் பக்கத்தில் தோள் இருந்ததால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. "சொன்னா நீ வந்துடுவே அக்கா. நீ வந்துட்டா, அம்மா நெஜமாவே போகப்போறாங்கன்னு ஆயிடும். நீ வராத வரைக்கும் இது சும்மா காய்ச்சல்தான்னு இருந்துட்டேன். அப்புறம் நீ வாசல்ல வந்து நின்னப்ப, உன் மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல."

அம்மா கடைசியில் ஏதாவது கேட்டாளா என்று அக்கா விசாரித்தாள். கேட்டாங்க, என்றான் தம்பி. நீ கடையிலயே இருக்கிறதா நெனச்சுக்கிட்டு, அக்கா இஸ்திரிப் பெட்டியை அணைச்சாளான்னு கேட்டாங்க, அணைச்சுட்டான்னு சொன்னேன், சரின்னு தூங்கிட்டாங்க. "முட்டாப்பயலே" என்று சொல்லி அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்து, அந்தக் கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டு அழுதாள். நடுவம்மாவும் அழுதாள். தொழிலுக்கு ஆகாது என்று தெரிந்தும் அழுதாள். பிறகு மூன்று பேரும் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்கள். படிக்கட்டில் அக்கா, தன் பக்கத்தில் நின்ற தம்பியைப் பார்த்து, வழியில் கிடக்கும் சாக்கைப் பார்ப்பதுபோல் விலகி நடந்தாள்.

அதற்குப்பின் நடுவம்மாவின் அறையில் ஒருநாளும் இல்லாத வழக்கமாக வாய்தாக்கள் தொடங்கின. வாரா வாரம் இருவரும் பகையோடு படியேறி வந்தார்கள். உள்ளே கால் வைத்ததும் அக்கா திரும்பி, "பாத்து வாடா, தலை இடிக்கப்போவுது" என்பாள். ஃபிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவருவாள், வீட்டில் அதை எதற்காக நிரப்பினோம் என்று தெரியாமலே. தாயைப் பற்றிப் பேசினார்கள். அவள் துணிக்குப் போட்ட குறிகள், கறையைப் பார்த்தே வீட்டில் என்ன சண்டை என்று சொல்லிவிடும் அவள் சாமர்த்தியம், ஒரு போலீஸ்காரர் சட்டையைச் சுருக்கிவிட்டு அவரையே இளைக்கச் சொன்னது. நேரம் போவது தெரியாது. வெளியில் யாராவது கேட்டால் அக்கா, "எதுக்குப் போறேன்னே தெரியல, போயிட்டு வந்தா தலைவலி விட்டுப்போவுது" என்றாள். தம்பி அந்த நாள் வந்தால் கடையைச் சீக்கிரம் சாத்துவான்.

ஒப்பந்தம் எழுதுவது பெரிய காரியமே அல்ல. அரை மணியில் முடிந்திருக்கும். அக்காதான் கையெழுத்துப் போட மறுத்தாள். போட்டுவிட்டால் இங்கே வருவதற்குக் காரணம் போய்விடும், வெளியே நான் அதே ராட்சசிதான் என்றாள். தம்பி சொன்னதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடலாமே என்று நடுவம்மா யோசனை சொன்னாள். கையெழுத்தானதெல்லாம் வெளியே போகும் அல்லவா? அக்கா சிரித்தாள். "என்னை எனக்குத் தெரியாதா மேடம்? வெளிய போயி பேப்பர்ல படிச்சேன்னு வைங்க, வக்கீல் எழுதிக் கொடுத்ததை வாசிச்சுட்டான்னு இன்னும் ரெண்டு மடங்கு கொதிப்பேன். இவன் குரல்ல கேட்டாதான் இது நெஜம்." அதில் நியாயம் இருந்தது. நடுவம்மா தேதியைத் தள்ளிப்போட்டாள். எந்த வாய்தாவுக்குப் பயந்து சாலையைக் கடந்து வந்தாளோ அதையே இப்போது தன் கையால் கொடுத்துக்கொண்டிருந்தாள், அதுவும் சந்தோஷமாக.

இப்படியே போயிருக்கும். ஆனால் நீதிமன்றத்துக்குப் புதிதாக வந்த நீதிபதி வெட்டு ஒன்று துண்டு இரண்டு ஆசாமி. கோடை விடுமுறைக்குள் சமரசம் ஆகவில்லையென்றால் கடையை விற்றுப் பிரித்துக் கொடுக்கும்படி உத்தரவு போடுவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். விடுமுறைக்கு முன் ஒரே ஓர் அமர்வுக்குத்தான் இடம் இருந்தது. அன்றைக்கு மூவரும் தேநீரைக் கூடத் தொடவில்லை. கையெழுத்துப் போட்டால் இந்த அறை போகும், போடாவிட்டால் கடையும் போகும், அதோடு இந்த அறையும்தான் போகும். தம்பி சின்னக் குரலில், "விடு அக்கா, போட்டுடு. இத்தனை நாள் கிடைச்சதே பெரிசு" என்றான். அக்கா அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பேசாம நாம ரெண்டு பேரும் இங்கயே தொட்டியும் பெட்டியும் போட்டுக்கிட்டு உக்காந்துடலாம்" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். நடுவம்மா சிரிக்கவில்லை. எழுந்து போய் நிலையைத் தொட்டுப் பார்த்தாள்.

வெளியே போய் நிதானமாக யோசிக்கலாம் என்ற வசதி அவளுக்குக் கிடையாது, போனால் யோசிக்க வேண்டிய விஷயமே மறந்துவிடும். அங்கேயே சன்னல் ஓரம் நின்று யோசித்தாள். அந்த வாசல்தான் அவள் தொழில், அவள் பெயர், அவள் தூக்கம். இத்தனை வருஷம் எத்தனையோ பேர் கொட்டிவிட்டுப் போனதில் ஒரு சொல்கூட அவள் தலையணை வரை வந்ததில்லை. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் நாளையிலிருந்து எல்லாவற்றையும் அவளே சுமக்க வேண்டும். பயமாகத்தான் இருந்தது. மேசையில் உட்கார்ந்திருந்த இரண்டு தோள்களையும் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து ஒப்பந்தத்தை எழுதினாள். நடுச்சுவர் இடிக்கப்படும். கடை ஒன்றாகவே இருக்கும், இருவரும் ஒரே வாசலால் உள்ளே வந்து சேர்ந்து வேலை செய்வார்கள். அந்த வாசலுக்கு, சமரசம் செய்தவரின் அறையில் இருக்கும் நிலை கழற்றி மாட்டப்படும். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

படிக்கட்டில் அக்கா ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, இவனோடா, ஒரே கடையிலா என்று வாயில் வந்தபடி கத்தினாள். தம்பி தன் கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஆனால் அன்று அவர்கள் இருவரையும்விட அதிகம் அதிர்ந்துபோனவள் நடுவம்மாதான். தன் கையெழுத்தோடு தன் வாசலைத் தானே தாரைவார்த்துக் கொடுத்திருப்பதை வாழ்க்கையில் முதல்முறையாக மற்றவர்களைப்போல் தலையைச் சொறிந்துகொண்டு படித்தாள். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் காட்டி, எனக்கு என்ன பைத்தியமா பிடித்திருந்தது என்று அழுதாள். அவர் காக்கிச் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "உள்ள இருந்தப்ப உனக்குத் தெரிஞ்சது இப்பத் தெரியல, அவ்வளவுதான். ஊர்ல எல்லாரையும் அதை நம்பித்தானே வீட்டுக்கு அனுப்பினே?" என்றார்.

மறுநாள் தச்சர் வந்தார். அறைக்குள் நின்ற நடுவம்மா, கழற்றுங்கள் என்றாள். உளியை எடுத்தபோது ஏதோ எடுக்க வெளியே வந்தவள், ஐயோ தொடாதீங்க என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனாள், கழற்றுங்கள் என்றாள். தச்சர் வீட்டிலும் இப்படிப்பட்ட அனுபவம் உண்டு போலிருக்கிறது, "நீங்க உள்ளயே உக்காருங்கம்மா, நான் முடிச்சுடறேன்" என்றார். கடைசி ஆணி வந்து, நிலை சுவரை விட்டு விலகிய அந்த நொடியில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோனது. என்ன பண்றீங்க என்று திகைத்துக் கேட்டாள். தச்சர் காதில் வாங்காதவராக நிலையைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினார்.

சுவரை இடித்து, நிலையை மாட்டி, ஈரம் காய்ந்ததும் கடை திறந்தது. அக்காவும் தம்பியும் தெருவின் இரண்டு முனைகளிலிருந்து வந்தார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்தவர்களின் கடுகடுத்த முகம். முதலில் அக்கா உள்ளே போனாள். போனவள் சட்டென்று நின்று, திரும்பி, வெளியே முறைத்துக்கொண்டு நின்ற தம்பியை எட்டிப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். அன்று முழுவதும் துவைக்கிற சத்தத்தோடு சிரிப்பும் கேட்டது. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். மறுநாளும் அப்படியே. தெருவில் இருந்தவர்கள் ஒரு வாரம் பேசினார்கள், அப்புறம் தண்ணீர் வரும் நேரத்தைப்போல அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

நிலை மாடியை விட்டு வந்தாலும் அதற்குள் பேசப்பட்டவை அதை விட்டுப் போகவில்லை. முன்பு எப்போதாவது சமரசத்துக்குப் போனவர்கள் சட்டையைக் கொடுக்க உள்ளே வந்தால், கையில் சட்டையோடு அப்படியே நின்றுவிடுவார்கள். சிலர் முகம் சிவந்து, துணியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மனைவியைப் பிரிந்து வாழும் தபால்காரர், தினமும் ஒரே ஒரு கைக்குட்டையோடு வருவார். அதில் அழுக்கே இருக்காது. மேசை ஓரத்தில் கொஞ்ச நேரம் நிற்பார். மனைவி அன்று சமரச அறையில் கடைசியாகச் சொன்னது அவருக்கு இங்கே மட்டும்தான் கேட்கும். அக்கா அந்தக் கைக்குட்டையை வேண்டுமென்றே மெதுவாக இஸ்திரி போடுவாள்.

நடுவம்மா தொழிலை விடவில்லை. அறைக்குச் சாதாரணக் கதவு வந்தது. கேட்டதெல்லாம் இப்போது அவளோடு படியிறங்கி, கடைத்தெருவுக்கு வந்து, பாயில் கூடப் படுத்துக்கொண்டது. கணவர் இன்னைக்கு என்ன என்று கேட்டால், நாக்கு நுனிவரை வந்ததைப் பல்லைக் கடித்து நிறுத்தி, "சொல்லக் கூடாது" என்பாள். தெரியலையே என்று சொன்ன காலத்தைவிட இது பாரமாக இருந்தது, ஆனால் நாள் என்று ஒன்று நடந்திருப்பது தெரிந்தது. பழைய வருஷங்களின் ஞாபகம் வேண்டுமென்றால் துணி மூட்டையோடு சலவைக்கடைக்குப் போவாள். நிலையைத் தாண்டியதும் அத்தனை பேரும், அத்தனை குரலும், தான் சொன்ன நல்ல சொல்லும் சொதப்பலும் ஒன்றாக வந்து சேரும். அக்கா முக்காலியை இழுத்துப் போடுவாள். தான் அப்படியொன்றும் மோசமான ஆள் இல்லை என்று அங்கே உட்கார்ந்துதான் நடுவம்மா தெரிந்துகொண்டாள்.

மழைக்காலத்தில் ஒருநாள், துணியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த நடுவம்மா, எதிர்ப்புறம் பேருந்து நிழற்குடையில் ஒதுங்கி நின்றாள். கடை சாத்தும் நேரம். மழை பிடித்துக் கொட்டியது. தம்பி சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். அக்கா நிலைப்படிக்கு உட்புறம் நின்று, தெருவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே கால் வைத்தபின் இவன் நனைந்தால் தனக்கு என்ன வந்தது என்றுதான் நினைப்போம் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே கால் வைப்பதற்கு முன் தன் குடையை அவன் கையில் திணித்து, அவன் வாயைத் திறப்பதற்குள் வெளியே இறங்கிவிட்டாள். இறங்கியதும் அவள் முகம் மாறியது. குடையை எங்கே தொலைத்தோம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, மழையில் வேகமாக நடந்தாள். பின்னால் இறங்கிய தம்பி, கையில் இருந்த குடையைப் புரியாமல் பார்த்து, விரித்துப் பிடித்துக்கொண்டு எதிர்த் திசையில் போனான்.

மறுநாள் காலை உள்ளே வந்ததும் அவன் குடையை ஆணியில் மாட்டிவிட்டு, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்று அக்காவைத் திட்டு திட்டு என்று திட்டினான். அவள் சரி சரி என்று கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் மறுபடி மழை பெய்தது. அந்த மழைக்காலம் முழுவதும் அக்கா நனைந்துகொண்டேதான் வீட்டுக்குப் போனாள்.